கத்தரிக்கு முன்னே ஊசி

தறியிலிருந்து இறங்கிய துணி ஒரு முழுமையான பொருள். அதற்கு இரண்டு கரைகள் உண்டு. தொடக்கமும் முடிவும் உண்டு. நெய்தவர் தம் பணி நிறைவுற்றது என்று எழுந்த பின்னரே அது நம் கைக்கு வந்து சேர்கிறது. ஆனால், அதை ஆடையாக்கப் புகுகின்ற தையற்காரர் செய்கின்ற முதல் வேலை யாது? அந்த முழுமையைக் குலைப்பதே. அவர் கத்தரியை எடுக்கிறார், வெட்டுகிறார். வெட்டுண்ட துணியை ஊசி இணைக்கலாம். வெட்டுப்படாத துணியாக அதை மீண்டும் ஆக்கும் ஆற்றல் ஊசிக்கும் இல்லை, தறிக்கும் இல்லை.

இதனை ஆக்கம் என்பதா, அழிவு என்பதா? அழிவின் வழியாக வரும் ஆக்கம் என்று விடை கூறிவிடுவது எளிது. ஆனால், கைத்தறித் துணியை வாங்கித் தாமே தைத்து உடுத்தக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு அந்த விடை போதாது. அவர் கையில் இருப்பது முகமறியாத ஒருவரின் பல நாள் உழைப்பு. அவரோ இன்னும் கற்றுக்கொள்ளாதவர். கற்பவர் கை தவறும். தவறாமல் எந்தக் கையும் கற்றதில்லை. அந்தத் தவறு யார் உழைப்பின் மீது விழுகிறது? கற்கும் ஒருவர் எவருடைய துணியில் பிழை செய்யலாம்? இந்த வினாவையே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழைகிறோம். தையலுக்கு மட்டுமன்றி, கற்றுக்கொள்ளும் தொழில் யாவற்றுக்கும் இவ்வினா பொதுவானது என்பதை வாசகர்கள் தாமே உணர்வார்கள்.

முதலில், அந்தத் துணியில் அடங்கியிருப்பது என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்போம். அங்குலத்துக்கு 60 பாவு இழைகளும் 50 ஊடை இழைகளும் கொண்ட, 36 அங்குல அகலமுள்ள சாதாரணப் பருத்தித் துணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அகலத்தில் 2,160 பாவு இழைகள் ஓடுகின்றன. ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிடையிலும் முறை பிறழாமல் கோக்கப்பட்டது. ஒரு மீட்டர் நீளம் நெய்வதற்கு நாடா ஏறத்தாழ 1,970 முறை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக ஓடியாக வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு மிதி, ஓர் இழுப்பு, ஓர் அடி. பெரியவர் ஒருவருக்கு ஒரு சட்டை தைக்க இரண்டேகால் மீட்டர் வேண்டுமென்றால், அந்தச் சட்டைக்குள் 4,400-க்கும் மேற்பட்ட நாடா ஓட்டங்கள் இருக்கின்றன. இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. பாவு ஓட்டியவர், கஞ்சி போட்டவர், பழைய பாவோடு புதிய பாவைப் பிணைத்தவர், தார் சுற்றிய சிறுமி அல்லது பாட்டி ஆகிய இவர்கள் எல்லாரும் அந்தச் சட்டைக்குள் இருக்கிறார்கள். 2019–20-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவிலும் அதனைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டிருந்தோர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று கண்டது. நெசவு செய்வோருள் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள்.

கத்தரி இத்தனையையும் ஒரு நொடியில் கடந்துவிடுகிறது.

"விலை கொடுத்து வாங்கினேன், துணி என்னுடையது, வெட்டுவதும் வீணாக்குவதும் என் விருப்பம்" என்று ஒருவர் கூறலாம். சட்டத்தின் பார்வையில் இதில் பிழை காண இயலாது. வாங்கிய பொருளுக்கு வாங்கியவரே உரிமையாளர். ஆனால், உரிமை வேறு, நியாயம் வேறு. ஓடுகின்ற ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்ற கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. ஆற்று நீருக்கு விலையில்லை, எடுத்தால் குறைவதுமில்லை, பிறர் எவருக்கும் அதனால் இழப்பில்லை. அப்படியிருந்தும் அங்கே வீண்விரயம் என்ற சொல்லுக்கு இடமுண்டு என்றால், அச்சொல்லின் பொருள் பணக் கணக்கில் இல்லை என்பது தெளிவு. அது பொருளை நடத்தும் மனப்பாங்கைப் பற்றியது.

இதனினும் கூர்மையான ஓர் உவமையைத் திருமறை நம் முன் வைக்கிறது. உடன்படிக்கைகளை முறிப்பவர்களைப் பற்றிப் பேசும் இடத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிய பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்ற கருத்தை 'நஹ்ல்' அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் கூறுகிறது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த நூல் அவளுடையது, நூற்றதும் அவளே, பிரித்ததும் அவளே. பிறருடைய உழைப்பில் அவள் கை வைக்கவில்லை. ஆயினும், வாக்குப் பிறழ்தலுக்கு உவமையாக நிற்கும் அளவுக்கு அச்செயல் இழிவாகக் காட்டப்படுகிறது. தன் உழைப்பைத் தானே காரணமின்றிச் சிதைப்பதே இத்தகையது என்றால், பிறர் உழைப்பைக் காரணமின்றிச் சிதைப்பதை விலைச்சீட்டு ஒன்று நியாயப்படுத்திவிடுமா?

அப்படியானால் வெட்டாமலே விட்டுவிடலாமே என்று மறுபுறம் ஒரு வாதம் எழலாம். அதற்கும் நம் மரபில் இடமுண்டு. வேட்டியும் சேலையும் கத்தரி காணாத ஆடைகள். ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆண்கள் இஹ்ராமில் அணிபவை தைக்கப்படாத இரு துணிகள். இறுதியில் நம்மைப் பொதியும் கஃபனும், ஆணுக்கு மூன்று துணிகளும் பெண்ணுக்கு ஐந்து துணிகளுமாக, அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே எளிமையுடையது. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சியொன்று புகாரீயில் உள்ளது. ஒரு பெண்மணி, கரையோடு நெய்யப்பட்ட போர்வையொன்றை நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார். அதனைத் தம் கையாலேயே நெய்ததாகவும், அவர்களுக்கு உடுத்தக் கொடுப்பதற்காகவே கொண்டு வந்ததாகவும் கூறினார். அப்போது அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஏற்றுக்கொண்டு கீழாடையாக உடுத்தி வெளியே வந்தார்கள். ஒருவர் அதன் அழகைக் கண்டு தமக்குத் தருமாறு கேட்டார், அவருக்கே கொடுத்துவிட்டார்கள். நாயகத்துக்குத் தேவையான பொருளைக் கேட்டு வாங்கினீரே என்று மற்றவர்கள் கடிந்தபோது, உடுத்துவதற்காகக் கேட்கவில்லை, தமக்குக் கஃபனாக அமையவேண்டும் என்றே கேட்டதாக அவர் கூறினார். அவ்வாறே அது அவருக்குக் கஃபனும் ஆயிற்று.

நெய்த கையிலிருந்து அடக்கம் வரையில் அந்தத் துணி சென்ற வழியில் தையலைப் பற்றிய பேச்சே இல்லை. நெய்தவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்த நோக்கம் அடுத்தடுத்த கைகளில் மேலும் உயர்ந்ததேயன்றித் தாழவில்லை. இது நம் உள்ளத்தைத் தொடும் நிகழ்ச்சி. ஆயினும், இதிலிருந்து கத்தரியே வேண்டாம் என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது.

ஏனெனில், உடம்பு நேர்கோடன்று. அதற்குத் தோள் உண்டு, முழங்கை உண்டு, குனிதலும் நிமிர்தலும் உண்டு. வயலில் நாற்று நடுபவருக்கும், படகில் வலை இழுப்பவருக்கும், பள்ளிக்கு ஓடும் குழந்தைக்கும் நழுவாத ஆடை தேவை. ஆதி மனிதரின் வரலாற்றிலேயே இத்தேவை வந்துவிடுகிறது. ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் சுவனத்து இலைகளைக் கொண்டு தம்மை மூடிக்கொண்டதைத் திருமறையின் 'அஃராஃப்' அத்தியாயம் கூறும்போது, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து இணைத்தல் என்ற பொருளுடைய வினைச்சொல்லை ஆள்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், தம் ஆடையைத் தாமே தைப்பார்கள் என்ற கருத்துப்பட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். அங்கே செருப்பைச் செப்பனிடுதலுக்கு வரும் அரபுச் சொல்லும், இலைகளை இணைத்ததற்கு வந்த சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. முதல் மனிதரின் தேவையும் இறுதித் தூதரின் பழக்கமும் ஒரு சொல்லில் சந்திக்கின்றன. இரண்டிடத்திலும் பேசப்படுவது இணைத்தல், வெட்டுதல் அன்று. இணைத்தலே தையலின் உயிர். வெட்டுதல் அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது என்று நாம் கொள்ளலாம்.

இந்த அளவு என்பதை நம் மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள். நம் இல்லங்களில் ஆண்கள் உடுத்தும் கைலியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் அளவுத் துணி. ஒரே ஒரு தையல். இரண்டு முனைகளையும் சேர்த்து மூட்டிவிட்டால் ஆடை முடிந்தது. 'மூட்டுதல்' என்று அதற்கொரு தனிச் சொல்லே நம்மிடம் உண்டு. பழவேற்காட்டின் பெயர் அயலார் நாவில் 'புலிகாட்' என்று திரிந்து, வண்ணக் கட்டம் போட்ட துணிக்கே பெயராக நாடு கடந்து சென்றது வரலாறு. அத்தகைய கட்டம் போட்ட துணியை ஒரு துண்டும் வீணாகாமல் ஆடையாக்கும் வழி இந்த ஒற்றைத் தையல். அடுத்த படி, பழைய முறையில் வெட்டிய ஜுப்பா. உடலுக்கு இரண்டு நீள் சதுரங்கள், கைக்கு இரண்டு நீள் சதுரங்கள், பக்கங்களுக்குச் சாய்துண்டுகள், கை தடையின்றி உயர அக்குளில் ஒரு சிறு சதுரம். கழுத்துக்கு வெட்டி எடுக்கும் துண்டைத் தவிரக் கழிவென்று ஏறத்தாழ எதுவுமில்லை. துணி நேர்கோட்டில் பிறந்தது. வெட்டும் நேர்கோட்டிலேயே போயிற்று. நெய்தவரின் கணக்கை அறிந்து வெட்டிய முறை அது.

கைத்தறித் துணியில் தைக்கக் கற்போருக்கு ஆசிரியர்கள் சொல்லித் தரும் விதிகளை உற்று நோக்கினால், அவை அனைத்தும் ஒழுக்க விதிகளைப் போலவே அமைந்திருக்கக் காணலாம்.

வாங்கிய துணியை உடனே வெட்டாதே. ஓர் இரவு நீரில் ஊறவை. நிழலில் உலர்த்து என்பது முதல் விதி. தறியில் பாவு இழுவிசையில் நின்றது. மேலே கஞ்சியும் ஏறியது. நீர் பட்டதும் அந்த இறுக்கம் தளர்ந்து துணி சுருங்குகிறது. சுருங்குவதற்கு முன் வெட்டித் தைத்தால், முதற் சலவையோடு சட்டை தம்பிக்குப் போய்விடும். எனவே, துணி தன் இயல்புக்குத் திரும்பும் வரையில் காத்திருக்க வேண்டும். இது பொறுமை.

எங்கே வெட்டவேண்டும் என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதே. ஊடையில் ஓர் இழையை உருவி எடுத்து, அது விட்டுச் சென்ற வழியே வெட்டு என்பது இரண்டாவது. கைத்தறியில் கட்டங்கள் எங்கும் ஒரே அளவாக இரா. காலையில் விழுந்த அடிக்கும் மாலையில் களைத்த கை போட்ட அடிக்கும் நுண்ணிய வேறுபாடு உண்டு. கரையோரத்தில், நெய்யும்போது அகலத்தை நிறுத்திய கோலின் முனைகள் பதித்த சிறு துளைகளும் இருக்கும். இவற்றைக் குறை என்று சொல்லி இழுத்து நேராக்க முயன்றால் ஆடை கோணும். துணி சொல்லும் நேரைக் கேட்டு நடக்கவேண்டும். இது அடக்கம்.

ஆலைத் துணிக்கு ஓரத்தில் அரை அங்குலம் விட்டால் போதுமென்றால், தளர்வாக நெய்த கைத்தறிக்கு முக்கால் அங்குலம் விடு. வெட்டிய முனை வெளியே தெரியாதவாறு உள்ளே மடக்கி இரு முறை தை என்பது மூன்றாவது. வெட்டுண்ட முனையிலிருந்து இழைகள் பிரியத் தொடங்கும். வெட்டியவரே அந்தக் காயத்தை மூடவும் கடமைப்பட்டவர். இது பொறுப்பு.

இந்த விதிகளைத் தாளிலோ மலிவான ஆலைத் துணியிலோ பழகிவிட்டுப் பின்னர் கைத்தறிக்கு வந்தால் என்ன என்று கேட்கலாம். ஓரளவு வரையில் அது நல்வழியே. ஆனால், தாள் சுருங்காது. தாளில் இழை பிரியாது. ஆலைத் துணியின் கட்டம் கோணாது. கைத்தறியின் இயல்பைக் கைத்தறியிலேதான் கற்க முடியும். ஆகவே, நாம் தொடங்கிய வினா தப்பிக்க இயலாத வினாவாகவே மீண்டும் நம் முன் நிற்கிறது. எவருடைய துணியில்?

இதற்கு நம் ஊர்த் தையற்கடைகள் நெடுங்காலமாகச் செயலால் ஒரு விடை அளித்து வந்திருக்கின்றன. கடையில் புதிதாகச் சேரும் சிறுவனிடம் கத்தரியைக் கொடுப்பதில்லை. அவன் காஜா எடுப்பான், பித்தான் வைப்பான், ஓரம் மடித்து எம்மிங் செய்வான், கிழிசல் தைப்பான். இயந்திரத்தில் நேர்த்தையல் ஓட்டும் நாள் பிறகு வரும். துணியில் கோடு போட்டு வெட்டும் நாள் எல்லாவற்றுக்கும் இறுதியில் வரும். இதைச் சிலர் சுரண்டல் என்பர். சிறுவர்களின் உழைப்பை மலிவாகப் பெறும் தந்திரம் என்பர். அத்தகைய கொடுமைகள் நடந்ததை நாம் மறுக்கவில்லை. பள்ளியில் இருக்கவேண்டிய பிள்ளை கடையில் இருந்தது எவ்வகையிலும் நியாயமாகாது. ஆனால், அந்த வரிசைமுறைக்குள் ஓர் அறிவு இருக்கிறது. திருத்தக்கூடிய பிழைகள் முதலில். திருத்த முடியாத பிழைகள் இறுதியில். தவறாகப் போட்ட தையலைப் பிரிக்கலாம். தவறாக வெட்டிய துணியை என்ன செய்வது? கற்பவன் பிழை செய்வான் என்பதை ஏற்றுக்கொண்டு, அப்பிழை பிறருக்கு மீளாத இழப்பாகாதபடி அமைத்த ஏற்பாடு அது. கத்தரிக்கு முன்னே ஊசி என்பதே அதன் சுருக்கம்.

நம் சட்ட நூலாசிரியர்களும் தையற்காரரின் கத்தரியை எளிதாக விட்டுவிடவில்லை. ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸி அவர்களின் 'அல்-முஹத்தப்' என்னும் நூல் ஒரு நுட்பமான வேறுபாட்டைப் பேசுகிறது. துணியைக் கொடுத்தவர், "இது ஒரு சட்டைக்குப் போதுமானால் வெட்டு" என்கிறார், தையற்காரர் வெட்டிவிடுகிறார், போதவில்லை. இழப்பைத் தையற்காரரே ஏற்கவேண்டும். ஆனால், "இது சட்டைக்குப் போதுமா?" என்று கேட்டு, அவர் ஆம் என்ற பின், "அப்படியானால் வெட்டு" என்று உரிமையாளர் கூறியிருந்தால், இழப்பு தையற்காரர் மீது இல்லை. முதலாவதில் அனுமதியே நிபந்தனையோடு வந்தது. இரண்டாவதில் உரிமையாளரே முடிவெடுத்து அனுமதித்தார். ஹனஃபீ மத்ஹபின் 'முக்தஸருல் குதூரீ' வேறொரு வழக்கைக் கூறுகிறது. மேலங்கி தைக்கச் சொன்னேன் என்கிறார் உரிமையாளர். சட்டை தைக்கச் சொன்னீர் என்கிறார் தையற்காரர். சத்தியத்தோடு உரிமையாளர் கூறும் சொல்லே ஏற்கப்படும்; தையற்காரர் ஈடு செய்யவேண்டும்.

ஒரு சட்டைத் துணிக்காக இத்தனை ஆராய்ச்சியா என்று வியக்க வேண்டியதில்லை. இங்கே நம் வினாவுக்கு வேண்டிய திறவுகோல் இருக்கிறது. வெட்டுவதன் நியாயம் வெட்டுபவரின் திறமையில் மட்டும் இல்லை. அறிந்து கொடுக்கப்பட்ட அனுமதியில் இருக்கிறது. கற்றுக்கொண்டிருப்பவர், "நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், இது கெடவும் கூடும்" என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்ட பின்னும் ஒருவர் தம் துணியைக் கொடுத்தாரானால், அவர் கொடுத்தது துணி மட்டுமன்று. ஒருவரின் கல்விக்குச் செய்த தர்மம். சொல்லாமல் மறைத்து வெட்டினால், துணி கெடாமல் தப்பினாலும் அமானத் கெட்டுவிட்டது.

உரிமையாளரிடம் அனுமதி பெற்றாயிற்று. நெய்தவரிடம் எப்படிப் பெறுவது? அவரோ கண் காணாத ஊரில் இருக்கிறார். இங்கே நாம் ஒரு தவறான பக்தியிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். துணியின் அருமையை எண்ணி எண்ணி அஞ்சி, அதை வெட்டாமல் பெட்டிக்குள் பூட்டிவைப்போரும் உண்டு. நெய்தவருக்கு இதனால் என்ன பயன்? அவர் தம் துணிக்கு வணக்கத்தை வேண்டவில்லை, உடுத்துவோரை வேண்டுகிறார். உடுத்தினால் தேயும், தேய்ந்தால் மறு துணி வேண்டும், மறு துணி வேண்டினால் தறி ஓடும். 1985-ஆம் ஆண்டில் கைத்தறிக்கென்றே 22 வகைப் பொருள்களை ஒதுக்கி இந்திய அரசு சட்டம் இயற்றியது. பின்னர் அந்தப் பட்டியல் 11 வகையாகக் குறைந்தது. எதைத் தறியில் நெய்யலாம் என்று சட்டம் சொல்ல முடியும். நெய்ததை எடுத்துத் தைத்து உடுத்துங்கள் என்று எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. அது நம் கைகளில் இருக்கிறது. ஆகவே, அஞ்சிக் கத்தரியைத் தொடாதிருப்பதும் நெய்தவருக்குச் செய்யும் ஒரு வகை அநீதியே. அவருடைய அனுமதி அவர் நெய்த நோக்கத்திலேயே இருக்கிறது. உடுத்தத் தகுந்த ஆடையாக்குவதற்கு அனுமதி உண்டு. அறியாமையால் பாழாக்குவதற்கு இல்லை. அறிய முயலும்போது நேரும் பிழை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அந்த முயற்சி உண்மையானதாக இருப்பின், அப்பிழையும் அனுமதிக்குள் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

உண்மையான முயற்சிக்கு அடையாளம் என்ன? துணியைப் பற்றிய சொல்லைக் கேட்டறிதல். 1958-ஆம் ஆண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று இதற்குப் பொருந்தும். இயற்கைச் சாயமேற்றிய வண்ணக் கட்டச் சென்னைத் துணியைக் கேப்டன் கிருஷ்ணன் நாயர் என்பார் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகருக்கு விற்றார். இதைக் குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்கவேண்டும் என்ற எச்சரிக்கை உடன் சொல்லப்பட்டது. துணி நியூயார்க்கின் பெயர் பெற்ற ஆடை நிறுவனமான புரூக்ஸ் பிரதர்ஸைச் சென்றடைந்தது. ஆடையும் ஆயிற்று, விற்பனையும் ஆயிற்று. எச்சரிக்கை மட்டும் வாங்கியவர்களைச் சென்றடையவில்லை. சலவையில் சாயம் இறங்கி ஒன்றோடொன்று கலந்தது. குறை கூறல்கள் எழுந்தன. பின்னர், சாயம் இறங்குவதே இதன் தனிச்சிறப்பு என்று விளம்பரம் செய்து அதே துணியைப் புகழ்பெறச் செய்தார்கள். விளம்பரத்தின் சாமர்த்தியம் நமக்கு இங்கே வேண்டுவதில்லை. நமக்கு வேண்டிய பாடம் இது: துணி கடல் கடந்தது, துணியோடு போகவேண்டிய சொல் இடையில் வெட்டுப்பட்டது. கத்தரி செய்யாத கேட்டை அந்த மௌனம் செய்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த சென்னைக் கட்டத் துணி, மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் நெடுங்காலமாகச் சென்று வந்தது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதனை 'இஞ்சிரி' என்று அழைத்து உயர்வாகப் போற்றினர். அவர்களுள் பெண்கள் அந்தத் துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் ஊசியால் தூக்கி, கூரிய கத்தியால் அறுத்து உருவி எடுத்துப் புதிய கோலங்களை உண்டாக்குவார்கள். கட்டம் எப்படி நெய்யப்பட்டது என்பதை இழை இழையாக அறிந்தவருக்கே அது கைவரும். நெய்தவரை அவர்கள் கண்டதில்லை. நெய்தவரும் அவர்களைக் கண்டதில்லை. ஆயினும், அந்த அறுப்பில் அவமதிப்பு இல்லை, அறிவு இருக்கிறது. நெய்தவர் மொழியை வாசிக்கத் தெரிந்தவர் எழுதிய மறுமொழி அது என்றே சொல்லலாம். நம் தமிழில் 'நூல்' என்னும் ஒரே சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பெயராக நிற்பது வீணன்று. இரண்டையும் வாசிக்கக் கற்ற பின்னரே திருத்தப் புகவேண்டும்.

இனி, வெட்டியபின் எஞ்சும் துண்டுகளைப் பற்றி ஒரு சொல். தையற்கடைகளில் மூலையில் குவியும் துண்டுகள் எவருக்கு உரியவை? பலர் இதை ஒரு வினாவாகவே எண்ணுவதில்லை. துணி வாடிக்கையாளருடையது என்றால் துண்டும் அவருடையதே. அவர் வேண்டாம் என்று விட்டாலன்றித் தையற்காரருக்கு உரிமையில்லை. அளவிலும் நிறுவையிலும் குறைப்போருக்குக் கேடு என்று திருமறையில் ஓர் அத்தியாயமே தொடங்குகிறது என்பதை நாம் அறிவோம். அரை அங்குலத்தைக் கூடுதலாகக் கேட்டு வாங்குவதும் அளவில் குறைத்தலே. துண்டைத் திருப்பிக் கொடுத்தல் நேர்மைக்காக மட்டுமன்று, பயனுக்காகவும் தான். அதே துணியின் துண்டு இருந்தால்தான் நாளை கிழிசலுக்கு ஒட்டுப் போட முடியும். ஒட்டுப் போட்ட ஆடை நமக்கு இழிவாகத் தோன்றலாம். மதீனாவில் ஆட்சித் தலைவராக இருந்த நாளில் உமர் (ரலி) அவர்களின் இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் மாலிக் அவர்களின் 'முவத்தா' பதிவு செய்திருக்கிறது. அந்தத் தோள்கள் தாங்கிய பொறுப்பு எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தந்தை கம்பளி நூற்று விற்றுப் பிழைத்தவர் என்று வரலாற்றாசிரியர் சுப்கீ எழுதுகிறார். அந்த நூற்பவரின் மகனார் தம் 'இஹ்யா'வில் ஒரு தையற்காரரின் கேள்வியை எடுத்துக்காட்டுகிறார். அரசர்களுக்கு ஆடை தைக்கும் நான் அநியாயக்காரர்களின் உதவியாளனாக ஆவேனா என்று அவர் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களைக் கேட்டார். உமக்கு ஊசியும் நூலும் விற்றவரே உதவியாளர், நீரோ அநியாயக்காரர்களிலேயே ஒருவர் என்ற கருத்தில் விடை வந்தது. கடுமையான விடைதான். ஆனால், ஊசி விற்றவர் வரையில் பொறுப்பு நீளும் என்றால், நன்மையிலும் அது அவ்வாறே நீளவேண்டுமன்றோ? நூற்றவர், நெய்தவர், விற்றவர், கற்பித்தவர், தைத்தவர், உடுத்தியவர் என்று ஒரு சங்கிலி. நல்ல முறையில் தைக்கப்பட்ட ஒரு கைத்தறிச் சட்டை, அதில் கைவைத்த எல்லாரையும் ஒருவருக்கொருவர் நன்மை செய்தோராக்குகிறது. கற்பவர் அந்தச் சங்கிலியின் புதிய கண்ணி. அவரைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் சங்கிலி இந்தத் தலைமுறையோடு நின்றுவிடும்.

எனவே, பெற்றோருக்கும் பெரியோருக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ தைக்கக் கற்க விரும்பினால், துணி வீணாகும் என்று சொல்லிக் கையைத் தட்டிவிடாதீர்கள். புதுத் துணியை உடனே எடுத்து நீட்டவும் வேண்டாம். துவைத்துத் துவைத்து மென்மையான பழைய கைலி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். முதலில் அதில் உள்ள கிழிசலைத் தைக்கச் சொல்லுங்கள். பிறகு புதுக் கைலி ஒன்றை மூட்டச் சொல்லுங்கள். அது நேராக வந்தால், தலையணை உறை. அதன்பின், வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கு ஒரு சட்டை. அடுத்த பெருநாளுக்கு உங்களுக்கே ஒரு சட்டைத் துணியை வாங்கி, கெட்டாலும் பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொல்லி அவர் கையில் கொடுங்கள். தோள் சற்று இறங்கியிருந்தாலும் அதை உடுத்திக்கொண்டே தொழுகைக்குச் செல்லுங்கள்.